அத்தியாயம் 6: நாலு பட்டறை, ஒரு கிடார்

கிடாரின் கழுத்தை ஒருவர் செய்கிறார், உடலை இன்னொருவர் செய்கிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அம்சமாக இருக்கின்றன. பொருத்தும் நாளன்று கழுத்தின் அடிமுனை உடலின் பள்ளத்தில் போய்ச் சரியாகவே உட்காருகிறது. ஆனால் கம்பியைக் கட்டிப் பார்த்தால் விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கிறது. யார் மேல் தப்பு? கழுத்துக்காரர் தன் வரைபடத்தை எடுத்துக் காட்டுகிறார், அதன்படிதான் செய்திருக்கிறார். உடல்காரரும் தன் வரைபடத்தை எடுத்துக் காட்டுகிறார், அவரும் அப்படியே. வரைபடம் இரண்டாக இருந்ததுதான் கோளாறு.

தனியாளாகக் கிடார் செய்வது முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டது. இது கூட்டு வேலைக்கான அத்தியாயம். அனுபவமுள்ள கைகள் சேரும்போது உளி வழுக்குவதால் வேலை கெடுவது குறைவு. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருள் மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. அதனால் இங்கே மரம் இழைப்பதைவிட மரத்தைக் கைமாற்றுவதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

இடம் விம்கோ நகர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரே ஒரு மர வேலையிலிருந்து வந்ததுதான். சுவீடன்காரர்கள் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம் விம்கோ. மரத்தை மெல்லிய தகடாக உரித்துக் குச்சியாக்கித் தலையில் மருந்து வைக்கும் ஆலை இருந்த ஊர். 2021 பிப்ரவரி 14-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ரயில் இங்கு வரை நீண்டபோது அந்தத் தீப்பெட்டிப் பெயர் நிலையத்தின் பலகையிலும் ஏறிவிட்டது. தஞ்சாவூரில் வீணைக்கு இருப்பதுபோல இந்தப் பக்கத்தில் கிடாருக்குப் பரம்பரை கிடையாது. ஆனால் கிடாருக்கு வேண்டிய கைகள் இந்தத் தொழிற்பட்டையில் பழகிய கைகள்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்ட், இவற்றைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகள். தெற்கே காசிமேட்டில் படகுக்குப் பலகை வளைக்கும் ஆசாரிகள். ராயபுரம் பக்கம் நாற்காலி, மேசைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள்.

இவர்கள் எல்லோரையும்விடக் கிடாருக்கு நெருக்கமானவர் ஒருவர் உண்டு. வார்ப்பாலைக்கு மரத்தில் மாதிரி செய்யும் பேட்டர்ன் ஆசாரி. வார்ப்பாலைகளின் தொழிலில் இரும்பை ஊற்றும் முன்பே அதன் வடிவத்தை மரத்தில் செய்து மண்ணில் பதிக்க வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், 100 மி.மீ.க்குச் சுமார் 1 மி.மீ. அந்தச் சுருக்கத்தையும் சேர்த்துத்தான் ஆசாரி மரத்தை அறுப்பார். பொருள் நாளைக்கு எவ்வளவு அசையும் என்று இன்றைக்கே கணக்குப் போடும் புத்தி அது. கிடாருக்கு அந்தப் புத்தி பாதி முதலீடு.

முன்னே சேர்ந்து செய்தவர்கள்

கூட்டு வேலை புதுசு அல்ல. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வீணையே பல கைகளின் வேலைதான். பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் ஆக்குவது ஒரு வேலை. யாளி முகம் செதுக்குவதும் குடத்தின் மேல் அலங்காரம் பதிப்பதும் வேறு வேலை. கடைசியில் 24 மெட்டுகளை மெழுகுக் கலவையில் பதித்துச் சுருதி சேர்ப்பதற்கு ‘மேளம் கட்டுவது’ என்று பெயர்; அதற்குத் தனிக் காது வேண்டும். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. கிடார் பிறவியிலேயே ஒட்டு. ஆகையால் ஒட்டுகிற இடத்தில் யார் பொறுப்பு என்பதுதான் அதன் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அழகான உதாரணம் கனடாவில் கிடைக்கிறது. 1970-களில் டொராண்டோவில் ழான் லாரிவே என்ற கிடார்க்காரரின் பட்டறையில் வேலை கற்ற ஆறு பேர் பின்னாளில் தனித்தனியே பெயர் வாங்கினார்கள். 1984-இல் கிடார் கலைஞர் பாட் மெத்தினிக்காக 42 கம்பிகள் கொண்ட பிகாசோ கிடாரைச் செய்த லிண்டா மான்சர் அவர்களில் ஒருவர். ‘குரூப் ஆஃப் செவன்’ என்ற கனடிய ஓவியர் குழுவுக்கு மரியாதை செய்ய, லாரிவேயும் அந்த ஆறு பேருமாக ஏழு பேர் ஆளுக்கு ஓர் ஓவியர் என்று எடுத்துக்கொண்டு ஏழு கிடார்கள் செய்தார்கள். எட்டாவது ஒன்றை அந்தக் குழு உருவாகும் முன்பே 1917-இல் இறந்துபோன டாம் தாம்சன் நினைவாக ஏழு பேரும் சேர்ந்து செய்தார்கள். எட்டும் 2017-இல் ஒன்டாரியோவின் மக்மைக்கேல் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன.

ஏழு முதலாளிகள் சேர்ந்து ஒரு கிடாரை முடித்தது சாதாரண விஷயமில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஏழு பேரும் ஒரே பட்டறையின் பழக்கவழக்கத்தில் வளர்ந்தவர்கள். ‘மேற்பலகையை இன்னும் கொஞ்சம் இழை’ என்று ஒருவர் சொன்னால் அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று மற்ற ஆறு பேருக்கும் தெரியும். விம்கோ நகரில் ஒரு பேட்டர்ன் ஆசாரியும், ஒரு வீணை ஆசாரியும், புத்தகம் பார்த்துக் கிடார் செய்யக் கற்ற ஓர் இளைஞரும் சேரும்போது மூன்று பேருக்கும் மூன்று ‘கொஞ்சம்’ இருக்கும். அதை எண்ணாக்கித் தாளில் எழுதாமல் தொடங்கக் கூடாது.

சண்டைக்கும் பழைய உதாரணம் உண்டு. ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஷன் என்ற ஊரில் கிடார் செய்யும் உரிமை யாருக்கு என்று வயலின் செய்கிறவர்களின் சங்கத்துக்கும் தச்சர் சங்கத்துக்கும் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. மேசை, அலமாரி செய்கிறவனுக்குக் கிடார் எதற்கு என்பது வயலின்காரர்களின் வாதம். தச்சர்கள் தங்கள் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் தச்சர் பக்கத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின் 1833-இல் ஊரை விட்டு நியூயார்க்குக்குக் கப்பலேறினார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த மார்ட்டின் கிடார் அவர் தொடங்கியதுதான். நாற்காலி செய்யும் ஆசாரியைக் கூட்டத்தில் சேர்க்கத் தயங்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரே தாள், ஒரே அச்சு

முதல் சந்திப்பில் மரம் வாங்கப் போகக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்து முழு அளவில் ஒரு வரைபடம் போட வேண்டும். சின்னதாக வரைந்து ‘இதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்’ என்பது ஆகாது. கடையில் நகல் எடுத்தால் 1 சதவீதம் வரை நீளம் மாறிவிட வாய்ப்புண்டு. ஒட்டுப்பலகையிலோ அக்ரிலிக் தகட்டிலோ டெம்ப்ளேட் வெட்டி, அதையே ஆளுக்கொன்றாகப் பிரதியெடுப்பது பத்திரம்.

கம்பி நீளத்தில்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. ஸ்டீல் கம்பிக் கிடாருக்கு 645 மி.மீ. வழக்கம், கிளாசிக்கல் கிடாருக்கு 650 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ.தானே என்று தோன்றும். ஃபிரெட் இடைவெளிக்குக் கணக்கு எளிது: மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும். 645-க்கு முதல் ஃபிரெட் 36.2 மி.மீ.யில் வரும், 12-ஆவது சரிபாதியில், அதாவது 322.5 மி.மீ.யில் வரும். கழுத்துக்காரர் 650-க்கு ஃபிரெட் அறுத்துவிட்டு, உடல்காரர் 645-க்குப் பாலம் ஒட்டினால், 12-ஆவது ஃபிரெட்டுக்கும் பாலத்துக்கும் நடுவே 2.5 மி.மீ. குறையும். அந்தக் கிடாரில் மேலே போகப்போகச் சுருதி ஏறிக்கொண்டே இருக்கும். பாலத்தைப் பெயர்த்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதைவிடச் சிறியதாகத் தெரிவது உள்ளளவு வெளியளவுக் குழப்பம். எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடிய பேச்சு இது:

“அண்ணே, இந்த 397 வெளியளவுதானே?”

“இல்லப்பா, உள்ளளவு. பக்கப்பலகை அதுக்கு வெளிய ரெண்டு ரெண்டு மில்லி வருது.”

“அப்ப நான் அறுத்துவெச்ச பேக்கு நாலு மில்லி பத்தாதே!”

ஆகவே தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறி வேண்டும். எழுதியே தீர வேண்டிய எண்கள் அதிகம் இல்லை. கம்பி நீளம், உடல் எத்தனையாவது ஃபிரெட்டில் தொடங்குகிறது, கழுத்தின் சாய்வு, கழுத்து அடிமுனையின் அகலமும் ஆழமும், மேற்பலகையின் வளைவு, பின்பலகையின் வளைவு. சமதளமாகத் தெரியும் கிடார் மேற்பலகை உண்மையில் சமதளம் அல்ல. 28 அடி ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டுபோல லேசாகப் புடைத்திருக்கும். பின்பலகைக்கு 15 அடி ஆரம் வழக்கம். உள்ளே ஒட்டும் பிரேஸை ஒருவர் 28 அடிக்கு வளைத்து, பக்கத்தின் விளிம்பை இன்னொருவர் 25 அடிக்குச் சீவினால் ஓரத்தில் தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். பசையைப் போட்டு க்ளாம்பை இறுக்கினால் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த இழுவிசை கிடாருக்குள்ளேயே தங்கியிருக்கும்.

நல்ல மரத்தைத் தொடும் முன் கழிவு மரத்தில் ஒரு பொய்க் கழுத்தும், பள்ளம் வெட்டிய ஒரு கட்டையும் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும். என் பள்ளத்தில் உன் முனை உட்காருகிறதா, மட்டப்பலகையைக் கழுத்தின் மேல் வைத்தால் அதன் நுனி பாலம் வரும் இடத்தில் எவ்வளவு உயரத்தில் வந்து நிற்கிறது என்று பார்க்க அரை நாள் போதும். அந்த அரை நாளைச் சோம்பலில் விட்டவர்கள்தான் இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியில் நிற்கிறவர்கள்.

காற்றும் ஒரு பங்காளி

கடலோரத்தில் கூட்டு வேலை செய்கிறவர்களுக்கு மரத்தைவிடக் காற்று முக்கியம். ஸ்ப்ரூஸ் மேற்பலகை ரேகையின் நீளவாட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், குறுக்கே அசையும். மரத்துக்குள் ஈரம் 1 சதவீதம் கூடினால் குறுக்களவு சுமார் 0.15 சதவீதம் விரியும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் மரத்தின் ஈரம் 9 சதவீதம் சுமாருக்கு நிற்கும். 80 சதவீதக் காற்றில் அது 15, 16-க்குப் போகும். சுமார் 400 மி.மீ. அகலமுள்ள மேற்பலகைக்குக் கணக்குப் போட்டால் 3 மி.மீ.க்கு மேல் வருகிறது. ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்துபோட்டு பிரேஸ் ஒட்டிய பெட்டியை ஏ.சி. ஒலிப்பதிவு அறைக்குக் கொண்டுபோனால் அந்த 3 மி.மீ.யும் சுருங்கப் பார்க்கும். பக்கங்கள் விடாது. நடுவில் விரியும்.

ஆகவே பிரேஸ் ஒட்டுவதும் பெட்டியை மூடுவதும் ஒரே அறையில் நடக்க வேண்டும். நான்கு பட்டறை இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்கு ஒரே அறை. ஈரப்பதம் 45-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும் சின்ன ஏ.சி. அறை யாரிடம் இருக்கிறதோ அவர் வீடுதான் அந்தப் பத்து நாளைக்குத் தலைமைப் பட்டறை. மற்றவர்கள் துண்டுகளை பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டிக் கொண்டுவர வேண்டும், இரண்டு மூன்று நாள் அந்த அறையிலேயே போட்டுவைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஏ.சி. இல்லாதவர்கள் பழைய மர அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு மரத்தை அடுக்கிவைப்பதுண்டு. பார்க்க நாட்டு வைத்தியம் மாதிரி இருந்தாலும் வேலை செய்யும். மீட்டரும் வேண்டும், பல்பின் பக்கத்தில் மரம் கருகாமல் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

மீட்டர் என்றதும் அடுத்த வம்பு. ஆளுக்கொரு ஈரப்பத மீட்டர் வாங்கி வருவார்கள், மூன்றும் மூன்று சொல்லும். இதற்குச் சமையலறையில் தீர்வு இருக்கிறது. பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும், கரையக் கூடாது. அந்த மூடியையும் எல்லா மீட்டர்களையும் ஒரே டப்பாவில் வைத்து இறுக்கமாக மூடி இரவு முழுக்க விட வேண்டும். உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நிற்கும். உப்பின் குணம் அது. காலையில் 69 காட்டும் மீட்டரின் முதுகில் ‘+6’ என்றும், 78 காட்டுவதில் ‘−3’ என்றும் பேனாவால் எழுதிவிடலாம். எல்லாரும் ஒரே டப்பாவில் வைத்துப் பார்த்தது என்பதால் அப்புறம் மீட்டரைச் சாக்குச் சொல்ல முடியாது.

எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது

கழுத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். பேட்டர்ன் ஆசாரிக்கு அது கைவந்த வேலை. ஃபிரெட் காடிகள் அறுப்பதையும் கொடுக்கலாம். லேத், சி.என்.சி. பட்டறைகள் நிறைந்த பகுதியில் ஃபிங்கர்போர்டில் காடி வெட்டித் தருவது பெரிய காரியமில்லை. கழுத்துக்குள் போகும் டிரஸ் ராடையும் லேத் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளலாம். ரோசெட், பைண்டிங் போன்ற அலங்காரத்துக்குத் தஞ்சாவூர் வீணையில் பழகிய கை கிடைத்தால் அதிர்ஷ்டம். பூச்சைப் பாலிஷ்காரரிடம் விட்டுவிடலாம். அரக்குப் பாலிஷ் மழைநாளில் வெள்ளையாகப் பூத்துப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிக்கவே கூடாதது மேற்பலகையும் அதன் உள்ளே ஒட்டும் பிரேஸும். ஸ்டீல் கம்பிக் கிடாரின் மேற்பலகை 3 மி.மீ. கூட இருக்காது. ஆறு கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்; ஒரு ஆள் தொங்குவதற்குச் சமம். அந்தச் சுமையைத் தாங்கவும் வேண்டும், அதே நேரம் அதிரவும் வேண்டும். பலகையைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்து, தட்டிக் கேட்டு, பிரேஸை இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்வது ஒரே ஆளின் விரலுக்கும் காதுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை. பாதி வரை ஒருவர் இழைத்து மீதியை இன்னொருவர் இழைத்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும். கிடாரின் குரலுக்கு ஒரே ஆள்தான் மேஸ்திரி; மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், இழைப்புளியை வாங்கக் கூடாது.

பின்பலகை எந்த மரம் என்பதில் மட்டும் சண்டை போட வேண்டியதில்லை. ஈட்டிதான் வேண்டும் என்று ஒருவர் நிற்பார், பலாவில் செய்தால் என்ன என்று வீணை ஆசாரி கேட்பார். ஆசாரி கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக ரோஜர் பக்னல் என்ற கிடார்க்காரர் ஆறு கிடார்கள் செய்து கொடுத்தார். பின்பலகையும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் எனப்படும் நம் ஈட்டி, மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 கிடார்க்காரர்கள் வாசித்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. விலையில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈட்டியே வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. அந்த மர இனம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் தளர்வு வந்தது, மரத்துக்கு அல்ல. கூட்டு வேலையில் மரம் ஒருவர் வீட்டில் இருக்கும், ரசீது இன்னொருவர் பையில் இருக்கும். இரண்டும் மரத்தோடேயே பயணம் செய்யட்டும்.

பக்கப்பலகை வளைக்கும் நாள்

நான்கு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் இதுதான். வைஸில் பிடித்த இரும்புக் குழாய், உள்ளே சூடு. குழாயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது உட்காராமல் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். 2 மி.மீ.க்குச் சீவிய பலகையை ஈரத்துணியால் துடைத்து, இடுப்பு வளைவு வரும் இடத்தைக் குழாயின் மேல் வைத்து, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே லேசாக அழுத்த வேண்டும். முதலில் பலகை எதிர்க்கும். ஆவி கிளம்பும், ஈட்டியாக இருந்தால் இனிப்பான ஒரு வாசனை வரும். பிறகு திடீரென்று கைக்குக் கீழே மரம் விட்டுக்கொடுப்பது தெரியும். நனைந்த தோல்போல ஆகிவிடும். அந்தக் கணத்துக்கு முன்னால் அழுத்தினால் ‘சடக்’. பின்னால் அழுத்தினால் மரம் கருகும்.

வளைத்த கை அச்சில் கொண்டுபோய்ப் பொருத்த முடியாது, ஏனென்றால் அது இன்னும் பலகையை விடவில்லை. அச்சைப் பிடிக்க ஒருவர், க்ளாம்பை நீட்ட ஒருவர், டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டு ‘இன்னும் உள்ளே’ என்று சொல்ல ஒருவர். படகு ஆசாரியை இந்த ஒரு நாளைக்காவது கூப்பிட வேண்டும். பலகையின் முனகலைக் கேட்டே எப்போது நிறுத்துவது என்று சொல்லிவிடுவார். ஒரு பக்கப்பலகை கூடுதலாகச் சீவி வைத்துக்கொள்வது நல்லது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உடைவது எப்போதும் நல்ல பலகைதான்.

பசையையும் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம். பெட்டிக்கும் பாலத்துக்கும் விலங்குத் தோலில் காய்ச்சும் பழைய வஜ்ஜிரமே சிறந்தது. காய்ந்தால் கண்ணாடிபோல இறுகும், பழுது பார்க்கும்போது சூடு காட்டினால் விடும். சாதாரண வெள்ளைப் பசை நாற்காலிக்குப் போதும். ஓயாமல் இழுவிசையில் நிற்கும் பாலத்துக்கு அது சரிப்படாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விட்டால் இளகி, மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துவிடும். இதைக் கழுத்துக்காரர் ஒருவிதமாகவும் உடல்காரர் வேறுவிதமாகவும் செய்தால் பின்னாளில் பழுது பார்ப்பவர் பாவம். எந்த மூட்டில் எந்தப் பசை என்று தாளில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

பட்டறைக்குப் பட்டறை கொண்டுபோவதில் ஆட்டோவைவிட மெட்ரோ நல்லது. குலுக்கல் குறைவு, வெயில் இல்லை. மூடிய பெட்டியை ஸ்கூட்டர் முன்னால் நிறுத்திக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவது வீரம்தான், ஆனால் கிடாருக்கு நல்லதல்ல.

பெயரும் பணமும்

மட்ரித்தில் மூன்றாம் ஹோசே ராமிரெஸின் பட்டறையில் 1960-களில் கிடாருக்குள் ராமிரெஸ் என்ற பெயர்ச் சீட்டு இருக்கும். அதைச் செய்த கைத்தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகளும் முத்திரையாக அதே கிடாரில் இருக்கும். முதலாளி பெயரில் விற்றது, ஆனால் செய்தது யார் என்பது அழியவில்லை. மானுவல் கொன்ட்ரேராஸ், பௌலினோ பெர்னாபே போன்றவர்கள் அங்கிருந்து வெளியே வந்து சொந்தப் பெயரில் செய்தார்கள். பழைய ராமிரெஸ் கிடார் வாங்குகிறவர்கள் இன்றும் முத்திரையைத் தேடிப் பார்க்கிறார்கள்.

நாலு பேர் கூட்டில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. உள்ளே ஒட்டும் சீட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கட்டும். அவரவர் செய்த பாகத்தின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவரவர் எழுத்தும் தேதியும் இருக்கட்டும். பெட்டியை மூடும் முன் எழுதிவிட வேண்டும், அப்புறம் கை நுழையாது. பணத்தில், மரம் வாங்கியவருக்கு அந்தச் செலவை முதலில் கழித்துக் கொடுத்துவிட்டு மீதியைப் பிரிப்பதுதான் மனஸ்தாபம் குறைவான வழி. மணிக்கணக்கில் பிரிக்கலாம் என்றால் அரைத்துக்கொண்டிருக்கும் உப்புத்தாளுக்கு எத்தனை மணி, மேற்பலகையைத் தட்டிக் கேட்கும் பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு என்ற வாதம் வரும். பாகத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. முதல் வருஷத்தில் வரும் பழுதை யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

வாசிப்பவரை எப்போது உள்ளே கொண்டுவருவது என்றும் ஒரு கேள்வி உண்டு. தொடக்கத்திலேயே என்பது இந்த நூலின் கருத்து. கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். ஃபிரெட்டுகளுக்கு நடுவே குழித்து, வீணைபோலக் கம்பியை ஆழமாக அழுத்திக் கமகம் பிடிக்க ஒரு கிடார் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1970-களில் கிப்சன் கம்பெனியின் ஆபிரகாம் வெக்டர் ஜே-200 கிடாரை அடிப்படையாக வைத்து அதைச் செய்து கொடுத்தார். ஆறு கம்பிக்கும் அடியில் சாய்வாக, தொடாமலே கூட அதிரும் ஏழு தரப்புக் கம்பிகள், குழித்த ஃபிங்கர்போர்டு. அவருடைய சக்தி இசைக்குழுவில் டி. எச். விநாயக்ராமின் கடத்தோடு ஒலித்தது அந்தக் கிடார்தான். முடிந்துபோன கிடாரைக் கையில் கொடுத்து ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டிருந்தால் ஏழு கம்பிக்கு எங்கே இடம் இருந்திருக்கும்?

கம்பி கட்டும் நாள்

பூச்சு முடிந்து பாலம் ஒட்டிய பின் அவசரம் வேண்டாம். வஜ்ஜிரம் என்றாலும் ஒரு முழு நாள் விட வேண்டும். பிறகு நாலு பேரும் ஒரு இடத்தில் கூடி, கம்பி போடும் முன் மேற்பலகையின் மேல், பாலத்துக்குப் பின்னால் ஒரு நேர் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் புடைப்பு எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். அன்றைய ஈரப்பதத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் முதல் கம்பி. ஒரே மூச்சில் ஆறையும் சுருதிக்கு ஏற்றாமல், எல்லாவற்றையும் இரண்டு சுரம் கீழே நிறுத்தி இரவு முழுக்க விடுவது நல்லது.

மறுநாள் சுருதிக்கு ஏற்றி, 12-ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தைப் பார்க்க வேண்டும். தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. சுமாருக்கு வந்தால் கழுத்துக்காரரும் உடல்காரரும் டீ குடிக்கப் போகலாம். உயரம் கூடினால் பாலத்தின் மேல் கம்பி உட்காரும் சேடிலைத் தேய்த்துச் சரிபண்ணக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதற்கும் மேல் என்றால் சாய்வு தப்பியிருக்கிறது. யாரும் எதையும் சொல்லும் முன் பொய்க் கழுத்தை எடுத்து அளவு பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது.

முதல் வருஷம் கிடார் யாரிடம் இருந்தாலும் இரண்டு முறை அளக்கக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்: தீபாவளி மழையில் ஒன்று, மே மாத வெயிலில் ஒன்று. அதே ஸ்கேல், அதே இடம், முதுகில் ‘+6’ எழுதிய அதே மீட்டர். மழையில் புடைப்பு கூடிக் கம்பி மேலே ஏறியிருக்கும், வெயிலில் இறங்கியிருக்கும். கம்பி கட்டிய நாளில் எழுதிய எண்ணுக்குக் கீழே அந்த இரண்டையும் எழுதி, தாளைக் கிடார் உறையின் பைக்குள்ளேயே போட்டுவைக்கலாம். அடுத்த கிடாரின் மேற்பலகையை எத்தனை மி.மீ.க்கு இழைப்பது என்று மேஸ்திரி கேட்கும்போது அந்தத் தாள்தான் வேண்டியிருக்கும்.